சோடாவில் கொடுத்த ஞானஸ்நானம்

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை இரவு.

குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கும் இஞ்ஞாசி மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் மதலேன் பயபக்தியோடு எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். உங்கள் சுகமும் உங்கள் லத்தீன் பாடத்தின் சுகமும் அறிய ஆவல். அம்மா தூங்கிய பிறகு சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

தம்பி பிறந்ததை அப்பா எழுதியிருப்பார். முதலில் அவன் அழவில்லை, அந்தோணியாரை வேண்டியதும் அழுதான் என்றும் எழுதியிருப்பார். அது முழு உண்மை இல்லை மாமா. மருத்துவச்சி மூக்காயி பிள்ளையைத் தட்டிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள், "மூச்சே காட்ட மாட்டேங்குறானே" என்று என் மடியில் கிடத்திவிட்டு அம்மாவைக் கவனிக்கத் திரும்பிவிட்டாள். அப்பா சாமியாரை அழைக்க சைக்கிளில் போய்விட்டார். ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன், ஆனால் குழாயில் அன்றும் தண்ணீர் வரவில்லை, இருந்ததெல்லாம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, கையருகே இருந்தது மூக்காயிக்காகக் கிதர் முகம்மது கடையில் வாங்கிய கோலி சோடா ஒன்றுதான். கட்டைவிரலால் அமுக்கினேன். பாதி சுவரில் அடித்தது. மீதியை அவன் தலையில் ஊற்றிக்கொண்டே பிதா சுதன் ஜெபத்தை முழுவதும் சொல்லி, வேறு பெயர் வாயில் வராததால் உங்கள் பெயரையே வைத்துவிட்டேன். சோடா பொங்கியதும் அவன் முகத்தைச் சுளித்து வீலென்று கத்தினான்.

"கத்திட்டான் ஆத்தா" என்று திரும்பிய மூக்காயி, "என் சோடா எங்கடி?" என்றாள்.

"குடிச்சிட்டேன்" என்றேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனுக்கு ஞானஸ்நானம். ஒருவருக்கு இரண்டு தரம் கொடுப்பது தேவதுரோகம் என்று சிஸ்டர் இன்றைக்குத்தான் சொன்னார்கள். தண்ணீர் தவிர வேறெதுவும் செல்லாது என்றும் சொன்னார்கள். நான் எழுந்து, "சோடா செல்லுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். "கலர் செல்லுமான்னும் கேளுடி" என்று பின்பெஞ்சில் ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. எனக்குத்தான் முட்டி போடும் தண்டனை. முட்டி போட்டபடி போன வருஷம் பிறந்த நம் பாப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சாமியாரோடு வருவதற்குள் போய்விட்டாளே, அவளுக்கு ஒரு கை தண்ணீர்தானே மாமா குறைச்சல். அப்படி ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம், மோட்சத்துக்குள் மட்டும் வர முடியாதாம்.

மோட்சத்தில் பசி இல்லை, எந்நேரமும் பாட்டு என்கிறார்கள். எனக்குத் தோன்றும் மோட்சம் நம் வீடு மாதிரியே இருக்கிறது. வெஞ்சனம் தாளிக்கிற வாசனை வருகிறது. பிறகு எல்லாரும் வரிசையாகப் படுத்திருக்கிறோம், அம்மா இருட்டில் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுகிறாள். ஒரு தலை குறைகிறது. மறுபடியும் எண்ணுகிறாள். பாப்பா வாசலுக்கு வெளியே நிற்கிறாள். அப்பா பூட்டுப் பட்டறைக்காரர், மோட்ச வாசலைக் காக்கிற இராயப்பர் கையில் இருக்கிற சாவியை ஒரு தரம் பார்த்தால் போதும், அதேபோல் இன்னொன்று ராவிவிடுவார். அது பாவமா?

சோடா செல்லுமா, பாப்பா எங்கே இருக்கிறாள் என்று உங்கள் பெரிய லத்தீன் புத்தகத்தில் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதவும். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது.

குருவானவராகி நீங்கள் தரப்போகிற முதல் ஆசீருக்குக் காத்திருக்கும்,
மதலேன்.

பி.கு: அம்மா விழித்துக்கொண்டாள். கடிதத்தை விளக்கருகே பிடித்து முழுவதும் படித்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். சோடா வந்த இடத்தில் சிரித்தாள், பாப்பா வந்த இடத்தை இன்னொரு தரம் படித்தாள்.

"நீயாவது முழுசாச் சொன்ன. நான் போன வருஷம் அந்தப் பிள்ளைக்கு விரல நனைச்சு நெத்தியில வச்சேன். பிதா சுதன்னு வந்துச்சு, அதுக்கு மேல வாய் வரலடி."

"யார்கிட்டயும் ஏம்மா கேக்கல?"

"செல்லாதுன்னுட்டா என்ன செய்ய?"

ஆகையால் மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். தம்பி விஷயத்தை அம்மாவே சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறாளாம். நீங்கள் புத்தகம் பார்க்க வேண்டாம். பாதி ஜெபமும் செல்லும் என்று அம்மா பெயருக்கு ஒரு கார்டு போடவும். செல்லாது என்றால் போடவே வேண்டாம். கார்டு வழியில் தொலைந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். சோடாவைக் குடித்ததாகச் சொன்ன பொய் ஏற்கெனவே இருக்கிறது, அதோடு சேர்த்து இதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடுவேன்.