புருஷன் பேர் சொல்லாத ஓட்டு

12-11-1956

அன்புள்ள அக்காள் ராசாத்திக்கு,

ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நான் சுகம். நீயும் சுகம் என்பதை நேற்று நீ குடத்தோடு போனபோது பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்குத் தபாலா என்று சிரிக்காதே. பேச்சு நின்றுபோன வீட்டுக்கு வேறு எந்த வழியாக வருவது? இது அன்னவாசல் போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வரட்டும். உனக்கு எழுத்துத் தெரியாது. மச்சான்தான் வாசித்துக் காட்டுவார். அவரைப் பற்றி வரும் வரிகளையும் விழுங்காமல் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செங்கமலத்தின் காதுகுத்துக்குத் தாய்மாமன் நான் இருக்க, தம் சித்தப்பா மகன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தவர் அவர். நான் வர நேரமாகிவிட்டதாம். பஸ் வராததற்கு நானா பொறுப்பு? அந்தப் புழுக்கத்தோடுதான் ஐம்பத்திரண்டு எலெக்‌ஷனில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். சமஸ்தானத்துக் குமாஸ்தாவாக இருந்தவன், சட்டம் தெரிந்தவன் என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். கள்ள ஓட்டு ஒன்றுகூட விழக்கூடாது என்று காலையிலிருந்து வருகிறவர்களையெல்லாம் குடைந்துகொண்டிருந்தேன். அப்போது நீ வந்தாய், காதுகுத்துக்குக் கட்டிய அதே அரக்குச் சேலையில். பார்த்ததும் எழுந்து, "ஆட்சேபிக்கிறேன், இந்த அம்மாள் யாரென்று நிரூபிக்க வேண்டும்" என்றேன்.

வெளியூர் அதிகாரி, பாவம். "ஆத்தா, புருஷன் பேரு என்ன?"

"அதை எப்படிங்க நான் சொல்றது?"

"சொன்னாத்தான் ஓட்டு."

"பழனி மலையில கோவணத்தோட நிக்கிறாருல்ல, அவரு பேருங்க."

"முருகனா?"

"இல்லீங்க."

"தண்டபாணியா?"

"ஐயோ, கிட்ட வந்துட்டீங்க!"

வரிசையே சிரித்தது. அவர் பட்டியலைப் பார்த்துத் தாமே வாசிக்கப் போனார். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தேன். நீ என் பக்கம் கையை நீட்டினாய். "அந்தா ஒக்காந்திருக்கானே, எந் தம்பி. அவனைக் கேளுங்க." கேட்டார். "விதிப்படி அவங்க வாயாலதான் வரணும்" என்றேன். தெரியாது என்று சொல்லவில்லை, அக்கா. தெரியும் என்றும் சொல்லவில்லை. நீ ஓட்டுப் போடாமலே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாய்.

மத்தியானம் நான் ஓட்டுப் போட எழுந்தேன். எதிர்த் தரப்பு ஏஜெண்ட் அடைக்கலம் அதற்காகவே காத்திருந்தான். பட்டியலில் என் வயது எழுபத்து நாலு என்று அச்சாகியிருந்தது. "சேவுகங்கிற பேருல ஒரு கெழவருதான் இருக்காரு. இவரு யாரு? யாராச்சும் சாட்சி சொல்லட்டும்" என்றான். காலையிலிருந்து என் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலித்த சனம் மொத்தமும் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தது. மரத்தடியிலிருந்து நீதான் எழுந்து வந்தாய். "எந் தம்பிங்க. ஏழு வயசுல கெணத்து மேட்டுல வழுக்கி விழுந்தான். பின்மண்டையில தழும்பு இருக்கும், குனியச் சொல்லிப் பாருங்க." குனிந்தேன். பாதி வரிசை எட்டிப் பார்த்தது. அடைக்கலம் தடவியே பார்த்தான். எனக்கு ஓட்டுக் கிடைத்தது.

அப்போதாவது, "இவள் என் அக்காள், ஆண்டியப்பன் மனைவி" என்று சொல்லியிருக்கலாம். விரலில் மையோடு நாற்காலிக்குத் திரும்பினேன். மை போய் வருஷக்கணக்காயிற்று. நீ எதிரே வந்தால் இன்னும் அந்த விரலை மடக்கிக்கொள்கிறேன்.

போன வாரம் பஞ்சாயத்தில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். என் வயதைத் திருத்திவிட்டார்கள். உன் பேரே இல்லை. கேட்டால், "ஆளு யாருன்னு போன தடவை ஆட்சேபம் வந்துச்சுல்ல, எடுத்துட்டாங்க" என்கிறார்கள். அந்த ஆட்சேபத்தில் இருப்பது என் கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் மனுக் கொடுத்தால் சேர்ப்பார்கள். இத்துடன் மனுவை எழுதி வைத்திருக்கிறேன். உன் புருஷன் பேரையும் நானே எழுதிவிட்டேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கைரேகை வைத்தால் போதும்.

மச்சானுக்கு வணக்கம் கிடையாது. காதுகுத்தை நான் மறக்கவில்லை. செங்கமலத்துக்கு என் ஆசீர்வாதம். மடியில் வைத்துக்கொள்ளத்தான் கொடுத்துவைக்கவில்லை, மாமன் முறை எங்கும் போய்விடவில்லை.

பி.கு.: கடிதத்தின் அடியில் என் பேரை எழுதப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டேன். பேரைக் கண்டால் மச்சான் கிழித்துப் போடுவார். இவ்வளவு வாசித்த பிறகும் யார் எழுதியது என்று அவர் கேட்டால் தெரியாதென்று சொல்லிவிடு. மனுவில் மட்டும், 'இவரை நேரில் அறிவேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, உறவு: தம்பி என்று எழுதியிருக்கிறேன். என்னை அடையாளம் காட்ட நீ இருக்கிறாய். கடிதத்தைக் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.