வாய்தா போடு, தள்ளுபடி செய்யாதே

வேதநாராயண சுவாமி துணை

வடமாலபேட்டை

ஹைகோர்ட் ஜட்ஜ், சிரஞ்சீவி தம்பி கோவர்த்தனனுக்கு அக்கா இந்திராணி எழுதுவது. இதை எழுதும்போது கூட இருப்பவர்கள்: உன் மாமா எத்திராஜ், மகள் அகிலா, சித்தூர் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு நரசிம்மன் அண்ணன். வேறு யாரும் இல்லை. எல்லோரும் நலம். உன் நலத்தைப் பேப்பரில்தான் பார்த்துக்கொள்கிறோம்.

அந்தப் பேப்பரால்தான் வந்தது வினை. திருமலை க்யூவில் நின்று நின்று, போர்டுகளைப் பார்த்தே தெலுங்கு படிக்கக் கற்றவள் நான் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் தெலுங்குப் பேப்பரில் உன் போட்டோ. கீழே விரல் வைத்துப் படித்தால், ஜஸ்டிஸ் கோவர்த்தனன், யாரோ ஒரு ரெட்டி, பிட்டிஷன், "கொட்டிவேத" என்று இருக்கிறது. தெலுங்கில் கொட்டு என்றால் அடிதானே. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்ன வயசில் நைனா விறகுக்கட்டையால் அடித்தபோதுகூட வாய் திறக்காத பிள்ளை, கோர்ட்டில் ஒருத்தரைக் கைநீட்டிவிட்டானே, வேலை போய்விடுமே என்று அழுதுகொண்டே பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு, மறுநாளே உன் மாமாவைத் திருப்பதிக்கு இழுத்துப்போய் மலையேற்றி மொட்டை போடவைத்துக் கூட்டிவந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கினால் நரசிம்மன் அண்ணன் எதிரே வருகிறார். விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்.

"கொட்டிவேதன்னா அடிக்கிறது இல்லம்மா. கேஸைத் தள்ளுபடி பண்றது. ஜட்ஜுங்க தெனம் பண்ணிக்கினுதான் இருப்பாங்க."

உன் மாமா தலையைத் தடவிக்கொண்டு, "அப்ப என் முடி?" என்றார்.

"அதுவும் தள்ளுபடிதான் மாப்ள."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்த வார்த்தை எனக்கு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. நீ புத்தூரில் வக்கீலாக இருந்தவரை மத்தியானச் சாப்பாடு இங்கேதான். சித்தூருக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆனது. ஜட்ஜாகி ஊர் ஊராக மாற்றலானபின் பொங்கலுக்கு. ஹைகோர்ட்டுக்குப் போனபின் அதுவும் இல்லை. உன் ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் நான்தான் தேங்காய் உடைத்தேன். உடைக்க உடைக்க நீ தூரமாகப் போய்க்கினே இருக்கிறாய். கடைசியாக வந்தபோது தெருவே பத்திரமும் பட்டாவுமாக வாசலில் நிற்க, பாதிச் சோற்றில் எழுந்துவிட்டாய். "நான் வந்தா உன் வீடு கோர்ட்டாயிடுதுக்கா" என்றாய். நியாயம்தான். இந்த முறை ஒரு காகிதம்கூட உள்ளே வராது. நரசிம்மன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொள்வார்.

தை மாசம் அகிலாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நீ கைபிடித்து அழைத்து வராமல் பெண் எப்படி மணையில் உட்காருவாள்? அன்றைக்கு முடியாதென்றால் வாய்தா போடு, வேறு தேதி கொடு. எத்தனை வாய்தா ஆனாலும் காத்துக்கினு இருப்பேன். தள்ளுபடி மட்டும் பண்ணிடாதே சாமி.

பத்மாவதித் தாயார் உன் பதவியையும் உடம்பையும் சேர்த்தே காக்கட்டும். வேளைக்குத் துன்னு.

இப்படிக்கு,
அக்கா இந்திராணி

பின்குறிப்பு: அகிலா இதைப் படித்துவிட்டு, "ஜட்ஜுக்கே பொய் எழுதறியேம்மா, மாப்பிள்ளையே இன்னும் பாக்கலியே" என்கிறாள். வாஸ்தவம். ஜாதகத்தைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை. நீ வருகிற தேதியைச் சொல், அதற்குள் ஒருத்தனைப் பார்த்துவிடுகிறோம். கிடைக்காவிட்டாலும் நீ வா, சும்மா இருந்துவிட்டுப் போ. பதில் சீக்கிரம் எழுது.