மாமியார் வீட்டுக்குப் போன ஓட்டுப்பெட்டி

அந்த இரும்பு கேட்டைத் திறக்க ஒரு வித்தை உண்டு. இடது பக்கம் லேசாகத் தூக்க வேண்டும், முழங்காலால் ஒரு இடி இடிக்க வேண்டும், இடித்த கையோடு பின்னால் நகர்ந்துவிட வேண்டும். நகராவிட்டால் கால் விரல் போச்சு. இந்த வித்தை குமாஸ்தாவுக்கு அத்துபடி. ஆனால் அவர் கையில் ஓட்டுப்பெட்டியை வைத்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத அப்பாவிபோல நின்றுகொண்டிருந்தார்.

கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் தேர்தல் பார்வையாளர்.

"என்னய்யா இது, வீடா கோட்டையா? நடக்க முடியாத அம்மா இருக்கிற வீட்டுக்குள்ள நல்லா நடக்கிறவனே போக முடியலையே!"

"மெதுவா சார், மெதுவா" என்றார் குமாஸ்தா. அவருடைய முழங்கால் துறுதுறுத்தது.

நடக்க முடியாதவர்கள் விண்ணப்பித்தால் ஓட்டுப்பெட்டி வீடு தேடி வரும் என்று இந்தத் தேர்தலில் ஒரு ஏற்பாடு. பெட்டியைத் தூக்க ஒரு குமாஸ்தா, அந்தக் குமாஸ்தாவைக் கண்காணிக்க ஒரு பார்வையாளர். அலுவலகத்தில் அத்தனை பேர் இருக்க, பெரிய அதிகாரி நம்மவரைக் கூப்பிட்டு, "இந்த வேலைக்கு நீங்கதான் போகணும்" என்றபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம திறமை ஒருவழியாக மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது, இதை ஒழுங்காக முடித்தால் தலைமைக் குமாஸ்தா பதவி நமக்குத்தான் என்று வீட்டில் பீற்றிக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள்.

அலுவலகம் நாலாவது மாடியில். லிஃப்ட் படுத்து ஒரு மாதம். காலையில் பெட்டியோடு படி இறங்கும்போதே முதுகு பிடித்துக்கொண்டது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. கடைசி முகவரியைத்தான் மூன்று தடவை திருப்பித் திருப்பிப் படித்தார்.

மாமியார் வீடு!

விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'வாக்காளரின் உறவினர் பெட்டியுடன் செல்லலாகாது. மீறினால் பணிநீக்கம்.' அதற்கு மேல் பக்கத்தைப் புரட்ட அவருக்குத் தெம்பு வரவில்லை. சொன்னால் பதவி போச்சு, சொல்லாமல் மாட்டிக்கொண்டால் வேலையே போச்சு. போதாக்குறைக்கு, அந்த வீட்டுப் படி மிதித்து மூன்று வருஷம் ஆகிறது. மாமியாரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

'பேச்சுவார்த்தை இல்லாததும் நல்லதுக்குத்தான். யாரோபோல உள்ளே போய் யாரோபோல வெளியே வந்துவிடலாம்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

பார்வையாளர் கேட்டின்மேல் ஏறிக் குதிக்கவே தயாராகிவிட்டார். அதற்குமேல் குமாஸ்தாவால் பொறுக்க முடியவில்லை. தூக்கினார், இடித்தார், நகர்ந்தார். கேட் திறந்தது. நகரத் தெரியாத பார்வையாளரின் கால் விரலைப் பதம் பார்த்தது.

"ஐயோ!" என்று ஒற்றைக் காலில் குதித்தார் பார்வையாளர். "உமக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"எங்க வீட்டு கேட்டும் இப்படித்தான் சார்."

"இந்த லட்சணத்துல உலகத்துல ரெண்டு கேட்டா?" என்று சந்தேகமாகப் பார்த்தபடி நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

வாசலில் மாமியாரின் செருப்பு கிடந்தது, சேறுகூடக் காயாமல். குமாஸ்தா அதைத் தாண்டிப் போனார். கூடத்தில் மாமியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது காலில் முழங்கால்வரை கட்டு, அடியில் இரண்டு தலையணை. குமாஸ்தாவை உச்சியிலிருந்து பாதம்வரை அளந்தார்.

"வாங்க, வாங்க. யாரு? இதுக்கு முன்னாடி பார்த்த முகமா தெரியலையே?"

"தேர்தல் ஆபீஸ்ல இருந்து வர்றோம் அத்தை."

வாய் தவறிவிட்டது. பார்வையாளருக்கு மூக்கில் வேர்த்தது.

"அத்தையா?"

"வயசானவங்களை அத்தைன்னு கூப்பிடுறது என் வழக்கம் சார். ஆம்பளைன்னா மாமா."

"காலையில இருந்து இத்தனை வீடு ஏறி இறங்கினோமே, ஒருத்தரையும் கூப்பிடலையே?"

"மனசுக்குள்ளயே கூப்பிட்டுக்கிட்டேன்... மாமா."

"யோவ்! எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. யாரைப் பார்த்து மாமாங்கற?"

மாமியாருக்குத் திடீரென்று பலத்த இருமல் வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார்.

குமாஸ்தா பெட்டியை வைக்கத் திரும்பியவர், அப்படியே உறைந்துபோனார். எதிர்ச் சுவரில் அவருடைய கல்யாணப் படம். கதவு அகலத்துக்குச் சட்டம் போட்டு, துளி தூசியில்லாமல் துடைத்து மாட்டியிருந்தது. பார்வையாளர் கால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் இன்னும் கவனிக்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் குமாஸ்தா இல்லையே.

"சார், அந்தப் படத்தைத் துணி போட்டு மூடிடணும்."

"எந்தப் படத்தை? ஏன்?"

"மாப்பிள்ளை ஒரு வேட்பாளர் சாயல்ல இருக்கார். ஓட்டுப் போடுற இடத்துல பிரசாரம் கூடாதுன்னு விதி."

பார்வையாளர் நொண்டியபடி போய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். குமாஸ்தாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"எந்த வேட்பாளர்யா? எனக்கென்னமோ உம்ம சாயல்தான் தெரியுது."

தீர்ந்தது என்று நினைத்தார் குமாஸ்தா. வேலை போச்சு, சம்பளம் போச்சு, இனி மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"அவரா?" என்றார் மாமியார் அலட்சியமாக. "அவரு என் மாப்பிள்ளை. தலை நிறைய முடியைப் பாருங்க. இந்த சாருக்கு முன்மண்டை பளபளக்குதே! மூணே வருஷத்துல ஒரு மனுஷனுக்கு இப்படியா கொட்டிப்போகும்?"

பார்வையாளர் இரண்டு தலைகளையும் ஒப்பிட்டார். "அதுவும் சரிதான்."

காப்பாற்றியதற்கு நன்றி சொல்வதா, முடியைப் பற்றிப் பேசியதற்குக் கோபப்படுவதா என்று குமாஸ்தாவுக்குத் தெரியவில்லை.

வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்பை வைத்துவிட்டு இருவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள். குமாஸ்தா தன் கல்யாண முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. சீட்டில் குறி போட்டாயிற்று, மடித்தாயிற்று. பெட்டியின் துவாரத்துக்கு மேலே சீட்டைப் பிடித்துக்கொண்டு மாமியார் நிறுத்திவிட்டார்.

"போடுங்கம்மா" என்றார் குமாஸ்தா.

"போடுறேன். என்ன அவசரம்?"

"வாக்காளரை அவசரப்படுத்தக்கூடாது. விதி" என்றார் பார்வையாளர், கண்டிப்பாக.

"கேட்டீங்களா? அந்த நாற்காலியில உட்காருங்க சார்."

மூலையில் இருந்த நாற்காலியைக் குமாஸ்தா அப்போதுதான் பார்த்தார். காலமான மாமனாரின் நாற்காலி. மூன்று வருஷத்துக்கு முன் அதில் உட்கார்ந்து, அதைச் சுக்குநூறாக்கியது அவர்தான். "பார்த்து உட்காரக்கூடாதா?" என்று மாமியார் கேட்க, "இத்துப்போனதையெல்லாம் எதுக்குக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று இவர் கேட்டுவிட்டார். செத்துப்போன மனிதரின் நாற்காலி. கேட்ட மறுநிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மன்னிப்புக் கேட்க ரோஷம் விடவில்லை. வந்ததும் வராததுமாகக் கிளம்பியவர்தான், அப்புறம் வரவேயில்லை.

"உடைஞ்சுதான் கிடந்துச்சு" என்றார் மாமியார். "தச்சரை வச்சு நாலு காலையும் மாத்திட்டேன். மாப்பிள்ளை வந்தா உட்கார இடம் வேணாமா? ஆனா அவருதான் வர்றதில்லை. ஏன் சார், நீங்க படிச்சவரு. ஒரு நாற்காலிக்காக ஒரு வீட்டையே விட்டுடுவாங்களா?"

குமாஸ்தா பயந்து பயந்து உட்கார்ந்தார். நாற்காலி 'கிறீச்' என்றது. மாமியார் பதறிப்போய், கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றி அவரைப் பிடிக்கப் பாதி எழுந்துவிட்டார். பிறகு, "அம்மா, கால்!" என்று முனகிக்கொண்டே சாய்ந்தார். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவருக்குக் கோபமெல்லாம் இருக்காதும்மா" என்றார் குமாஸ்தா தரையைப் பார்த்தபடி. "வெட்கமா இருக்கும். சொல்லக்கூடாததைச் சொல்லிட்டோமேன்னு தினமும் நினைச்சுக்குவாரு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றதுன்னு தெரியாம இருந்திருப்பாரு."

"இந்த மூஞ்சியையே வச்சுக்கிட்டு வரலாமே. நான் என்ன புதுசா கேட்டேன்?"

"யோவ், ஓட்டு நேரம் முடியப்போகுது" என்று பார்வையாளர் கடிகாரத்தைத் தட்டினார். "அந்த மாப்பிள்ளை வருவாரா மாட்டாரான்னு ஏதாவது சொல்லித் தொலையும். அம்மா சீட்டைப் போடட்டும்!"

"வர்ற ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வருவாரும்மா. நிச்சயமா வருவாரு" என்றார் குமாஸ்தா.

சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்வையாளரும் எதற்கோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார். கால் வலியாக இருக்கலாம்.

"நல்ல குணம்யா உமக்கு" என்றார் வெளியே வந்ததும். "யாரோ ஒரு மாப்பிள்ளைக்காக இப்படி உருகுறீரே. மேல உம்மைப் பத்தி நல்லவிதமா எழுதுறேன்."

குமாஸ்தாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வேலையும் தப்பியது, மாமியாரும் கிடைத்தார், யாருக்கும் ஒன்றும் தெரியாது! பெட்டியைச் சுமந்துகொண்டு நாலு மாடியும் ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது நுரை தள்ளியது. சுவரில் சாய்ந்துவிட்டார். அலுவலகப் பியூன் ஓடிவந்து பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

"என்ன சார், இந்த வயசுலயே இப்படி மூச்சு வாங்குறீங்க? போன வாரம் உங்க மாமியார் இதே நாலு மாடியையும் ஒரே மூச்சுல ஏறி வந்து, 'நடக்க முடியல, வீட்டுக்குப் பெட்டி அனுப்புங்க'ன்னு விண்ணப்பம் கொடுத்தாங்க. 'உறவினர்னா மாப்பிள்ளையும் சேர்த்தியா?'ன்னு கேட்டாங்க, நம்ம பெரிய அதிகாரி விதிப்புத்தகத்துல ரெண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, 'இல்லம்மா, ரத்த சொந்தம் மட்டும்தான்'னாரு. 'அப்படின்னா பெட்டியை என் மாப்பிள்ளைகிட்டயே கொடுத்தனுப்புங்க, கவர்மெண்ட் உத்தரவு போட்டாத்தான் அவரு எங்க வீட்டுப் படி ஏறுவாரு'ன்னு சொல்லிட்டு, வந்த வேகத்துலயே இறங்கிப் போயிட்டாங்க!"