அப்ஜெக்‌ஷன் ஆன்ட்டியும் ஏழு மாக்ரோனியும்

கடவுளே ஒரு நாவல் எழுதி ஜோகுபாளையத்துக்கு அனுப்பி வைத்தாலும், முதல் அத்தியாயம் முடிவதற்குள் அவரைக் கூண்டில் ஏற்றிவிடக்கூடியவர் எங்கள் அப்ஜெக்‌ஷன் ஆன்ட்டி.

அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆதார் அட்டையில் கட்டாயம் இருக்கும். ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. வக்கீல் ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மா இறந்த பிறகு தனியாக இருந்தார். வாரமெல்லாம் அடுத்தவர்களின் ஆட்சேபணைகளை டைப் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த ஆட்சேபணைகளை எங்களிடம் தாக்கல் செய்வார்.

எங்களிடம் என்றால் நான்கு பேர். ஸ்டெல்லா டீச்சர், பியூட்டி பார்லர் கௌசல்யா அக்கா, தையல் கடை நூர் அக்கா, அப்புறம் நான். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். அதனால் ஆன்ட்டி எனக்கு வைத்த பெயர் 'கம்ப்யூட்டர்'.

ஞாயிறு மதியம் கௌசல்யா அக்கா பார்லர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். ஆளுக்கு ஒரு டப்பாவில் ஏதாவது சாப்பாடு கொண்டு போவோம். ஸ்டெல்லா டீச்சர் ஆங்கில நாவல் ஒன்றை இரண்டிரண்டு பக்கமாக வாசிப்பார், அவ்வப்போது அதைத் தமிழில் சொல்வார். யாராவது ஒருத்தர் வராவிட்டால் அன்றைக்கு வாசிப்பு கிடையாது. அது எங்கள் ஒரே சட்டம்.

அந்த இடத்தில் ஒரு வடிவமைப்புக் கோளாறு இருந்தது. பார்லர் என்பதால் நான்கு பக்கமும் சேர்த்து ஆறு கண்ணாடி. சோகமான இடம் வந்தால் யாரும் ஒளிந்து அழ முடியாது. நூர் அக்கா ஒருத்தர் மூக்கை உறிஞ்சினால் ஆறு நூர் அக்காக்கள் உறிஞ்சுவார்கள். ஆன்ட்டி மட்டும் முதல் நாளே போய் மூலையில் இருந்த தலை அலசும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கழுத்து தொட்டியின் விளிம்பில், பார்வை கூரையில். அந்த வாக்கில் படுத்துக்கொண்டேதான் ஒரு நாவல் முழுவதையும் விசாரித்தார்.

நாவல் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் நடக்கிறது. புழுக்கமான ஊர். மூன்று சிநேகிதிகள் வாசல் வராந்தாவில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டு, ஐஸ் போட்ட டீ குடித்துக்கொண்டு, ஒருத்தி வாழ்க்கையை மற்றவள் தூக்கி நிறுத்துவார்கள். நாங்கள் உருகிப் போனோம்.

"எனக்கு ஒரு அப்ஜெக்‌ஷன்" என்று தொட்டியிலிருந்து குரல் வந்தது. "டீயில ஐஸ் போட்டுக் குடிக்கிறவளை எப்படிம்மா நம்புறது?"

"அந்த ஊர் வெயில் அப்படி ஆன்ட்டி" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"சரி, விடு. மூணு அத்தியாயமா தின்னுக்கிட்டே கீறாளுங்க. பாத்திரம் எவ கழுவுறா? அதை எழுதல பாரு."

அடுத்த வாரம் சிநேகிதி ஒருத்தி பின்வாசல் வழியாகக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிட்டாள். ஆன்ட்டிக்கு இரத்த அழுத்தமே ஏறிவிட்டது. "இன்னா வீடு அது? தாழ்ப்பாள் இல்லையா? என் வீட்டுக்கு மூணு பூட்டு. கொசுகூட பெல் அடிச்சிட்டுத்தான் வரணும்."

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய வழக்கு, மாக்ரோனி வழக்கு. கதையில் ஒரு பெண்ணின் புருஷன் இறந்துபோகிறான். ஊர்ப் பெண்கள் ஏழு பேர், பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் தங்கள் பெயரை எழுதி, சாப்பாடு கொண்டுவருகிறார்கள். ஏழு பேரும் அதே மாக்ரோனி. நூர் அக்கா ஆறு கண்ணாடியிலும் அழுதார்.

"அப்ஜெக்‌ஷன்!" தொட்டி அதிர்ந்தது. "ஏழு பொம்பளைங்க, ஏழும் மாக்ரோனியா? ஒருத்திகிட்டகூட போன் இல்லையா? இதெல்லாம் கதை எழுதுறவங்க விடுற ரீல்."

"அன்புல அப்படித்தான் ஆகும் ஆன்ட்டி" என்றார் நூர் அக்கா.

 கூரையைப் பார்த்தபடியே ஆன்ட்டி வேறு குரலில் சொன்னார். "எங்கம்மா ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. பாக்க வந்தவங்க எல்லாம் 'எது வேணும்னாலும் சொல்லு'ன்னாங்க. நானும் நம்பி சொன்னேன். ஒருத்தரும் வரல. அதுக்கப்புறம்தான் மூணாவது பூட்டு வாங்குனேன். நிஜத்துல யாரும் மாக்ரோனி எடுத்துட்டு வர மாட்டாங்கம்மா. படி, படி. மேல படி."

ஸ்டெல்லா டீச்சர் மேலே படித்தார். யாரும் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கியிருந்த வாரம் ஆன்ட்டி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு மெசேஜ்: 'வேலை அதிகம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். படித்து முடிக்கவும்.' ஆபீஸ் நோட்டீஸ் மாதிரியே இருந்தது. மறுவாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் புருவம் திருத்திக்கொள்ள வந்த ஒரு பெண்தான் கௌசல்யா அக்காவிடம் சொன்னாள்: "உங்க அப்ஜெக்‌ஷன் ஆன்ட்டி கால்ல மாவுக்கட்டோட ஆட்டோவுல இருந்து எறங்குனதைப் பாத்தேனே."

குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். தனியாகவே ஆஸ்பத்திரி போய், தனியாகவே திரும்பி வந்து, மூன்று பூட்டையும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் உடனே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். மாக்ரோனி வழக்கு மீண்டும் நடந்துவிடக் கூடாதே. யார், என்ன கொண்டுவருவது என்று இரண்டு பத்திகள். நூர் அக்கா: பிரியாணி. ஸ்டெல்லா டீச்சர்: இட்லி, சட்னி. கௌசல்யா அக்கா: ரசம் சாதம். நான்: பழம். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒப்புதல் கொடுத்தார்கள். என் கம்பெனியில்கூட எந்தத் திட்டமும் இவ்வளவு சுத்தமாக ஒப்புதல் பெற்றதில்லை.

ஞாயிறு மதியம் நால்வரும் ஆன்ட்டி வீட்டு மாடிப்படியில் ஏறி பெல் அடித்தோம்.

"யாரு?"

"நாங்கதான் ஆன்ட்டி."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் கீறேன். போயிட்டு வாங்க."

"கதவைத் தெறங்க, பாத்துட்டுப் போறோம்" என்றார் கௌசல்யா அக்கா.

"கேட்டதே போதும்மா. எழுந்து வர முடியல. போங்க, வெயிலா இருக்கு."

எழுந்து வர முடியவில்லை என்ற குரல் கதவுக்கு நேர் பின்னாலிருந்து வந்தது.

ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடக் குரலை எடுத்தார். "சாப்பாடு கொண்டு வந்திருக்கோம். வாங்கி வச்சிட்டு அனுப்பிடுங்க."

"இன்னா சாப்பாடு?"

"தக்காளி சாதம்" என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

நான் திரும்பிப் பார்த்தேன். "டீச்சர், உங்களுக்கு இட்லிதானே போட்டிருந்தேன்?"

"தெரியும்மா. ஆனா ஆன்ட்டிக்கு என் தக்காளி சாதம்னா உயிரு. தேங்காய்ப்பால் ஊத்தி செய்வேன்ல. 'யார்கிட்டயும் சொல்லாத, உன்னுதுதான் பெஸ்ட்'னு என்கிட்ட சொல்லியிருக்காங்க."

கௌசல்யா அக்காவின் முகம் மாறியது. "அது என்கிட்ட இல்ல சொன்னாங்க? வேர்க்கடலை போட்டு செய்வேனே, அதை." தன் டப்பாவைத் திறந்து காட்டினார். தக்காளி சாதம்.

நூர் அக்கா துணிப்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். புதினாவும் தக்காளியும் கலந்த வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. ரம்ஜானுக்குத் தெருவே காத்திருக்கும் பிரியாணியைச் செய்கிற கை, அன்றைக்குத் தக்காளி சாதம் செய்திருந்தது. "எங்கிட்ட சத்தியமே பண்ணாங்க" என்றார் மெதுவாக.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கையில் பழம் இருந்தது. பழத்துக்கு அடியில் ஒரு டப்பாவும் இருந்தது. எனக்குச் சமைக்கத் தெரியாது. பாக்கெட்டில் வரும் தக்காளி விழுதைச் சோற்றில் கலப்பேன், அவ்வளவுதான். அதைச் சாப்பிட்டுவிட்டு, "கம்ப்யூட்டரு, மத்தவளுங்களுக்குத் தெரிய வேணாம், உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று ஆன்ட்டி ஒருநாள் என் காதோடு சொன்னார். நான் சந்தோஷத்தில் அந்த பிராண்டை மாற்றவே இல்லை.

கதவுக்குப் பின்னால் முதலில் இருமல் போல ஒரு சத்தம். பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது. சிரித்துச் சிரித்து, நடுவில் எங்கேயோ அது வேறு ஏதோவாக மாறி, மறுபடி சிரிப்பாகத் திரும்பி வந்தது.

"நாலும் தக்காளி சாதமா? ஏன்மா, ஒருத்திகிட்டகூட போன் இல்லையா?"

"போன் இருக்கு ஆன்ட்டி" என்றேன் நான். "ஸ்ப்ரெட்ஷீட்டே இருக்கு."

ஒரு பூட்டு திறந்தது. இரண்டாவது திறந்தது. மூன்றாவதுதான் கொஞ்சம் மக்கர் செய்தது. நாங்கள் காத்திருந்தோம்.

ஆன்ட்டி காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு நான்கு டப்பாவிலிருந்தும் சாப்பிட்டார். "இப்ப சொல்லுங்க, எதுதான் பெஸ்ட்?" என்று கௌசல்யா அக்கா இடுப்பில் கைவைத்து மடக்கினார். "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுது" என்றார் ஆன்ட்டி, வாய் நிறையச் சோற்றோடு. நூர் அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். அந்த நாவலில் எழுதாமல் விட்டது அதைத்தான். ஆன்ட்டி சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அதற்கு ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

மாவுக்கட்டு பிரித்த பிறகு வந்த முதல் ஞாயிறு, பார்லரில் தலை அலசும் நாற்காலியில் ஒரு தலையணை போட்டுத் தயாராக வைத்திருந்தோம். ஆன்ட்டி கைத்தடியோடு வந்தார். அந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். "இதுல யாரு ஏறிப் படுக்கிறது" என்று முணுமுணுத்துவிட்டு, எங்களுக்கு நடுவில், பெரிய கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

ஸ்டெல்லா டீச்சர் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். என்ன நடந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆறு நூர் அக்காக்களுக்குப் பக்கத்தில் முதல்முறையாக ஆறு ஆன்ட்டிகள் இருந்தார்கள் என்பது மட்டும் போதும். கௌசல்யா அக்கா திரும்பிப் பார்க்காமலே டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார்.

டீச்சர் புத்தகத்தை மூடினார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு ஒரு அப்ஜெக்‌ஷன்" என்றார் ஆன்ட்டி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அதுக்குள்ள இன்னாத்துக்கு முடிச்சிட்டாங்க?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தார்.