குறட்டைப் பக்கத்தை உடனே நீக்கக் கோரி

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு உன் அக்கா நலம். நான் நலமா என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும். உன் நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் போன் ஹாலில் உன் அக்கா கையில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும், "தூக்கத்தைப் பத்தி ஒண்ணு தேடணும், உங்க போனைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனாள். அவளுடைய போன் மேசைமேல் சும்மாதான் கிடக்கிறது. தலைமைச் செவிலியரான அவள் கேட்டால் நோயாளிகளே மறுப்பதில்லை, நான் எம்மாத்திரம்? மெத்தை இறக்கப் போகும் நம் கடை வண்டி உன் வீட்டு வழியாகத்தான் போகும். டிரைவர் வந்ததும் ஜன்னல் வழியாக இதைக் கொடுத்துவிடுவேன். படித்த கையோடு அந்தப் பக்கத்தை எடுத்துவிடு.

கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று ஸ்டேட்டஸில் அவ்வப்போது எதையாவது கிறுக்கியது உண்மைதான். எங்கள் மெத்தையில் எல்லாச் சத்தமும் அடங்கும், என் மனைவியின் குறட்டையைத் தவிர என்று ஒருநாள் போட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். விடுவேனா, அதையே பிடித்துக்கொண்டேன். உன் அக்கா கண்ணில் படாதபடி அவளை மட்டும் விலக்கிவிட்டுத்தான் போட்டேன். மறுநாள் அதுவாகவே அழிந்துவிடும் என்ற தைரியம் வேறு. அப்போதுதான் நீ வந்து சேர்ந்தாய். "அத்தான், நல்ல சரக்கையெல்லாம் இப்படி வீணாக்குறீங்களே. ஸ்டேட்டஸ் நாளைக்கு இருக்காது. நம்ம இணையதளத்துல ஒரு பக்கமா போட்டா வருஷக்கணக்குல ஜனங்க தேடி வருவாங்க" என்றாய். மெத்தையைப் பற்றி எழுதியதைத்தான் சொல்கிறாய் என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். நீ என்னடாவென்றால், அழிந்ததையெல்லாம் என் போனின் அடியிலிருந்து தோண்டியெடுத்து, குறட்டையை மட்டும் பொறுக்கி ஒன்றாகச் சேர்த்து, ஜனங்கள் தேடும் கேள்வியே தலைப்பாக இருக்கவேண்டும் என்று "மனைவி குறட்டை விட்டால் என்ன செய்வது?" என்று வைத்துவிட்டாய். அதன் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு என் படம். குறட்டை என்று தேடினால் இப்போது நான்தான் முதலில் வந்து நிற்கிறேன். டாக்டர்களெல்லாம் எனக்குக் கீழே இருக்கிறார்கள்.

அதோடு விட்டாயா? அழுத்தினால் குறட்டை கேட்கும்படி ஒரு பொத்தான் வேறு. கடையில் அழுத்திப் பார்த்தேன். என்னைத் தூக்கிவாரிப்போட்டு எழுப்பும் அதே சத்தம்தான், முடிவில் வரும் விசில் உட்பட. கூடப்பிறந்தவளின் குறட்டையை ஒளிந்திருந்து பதிவு செய்ய உனக்கு எப்படி மனசு வந்தது?

ஹாலில் சத்தமே இல்லை. உன் அக்கா கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால்தான் ஆபத்து. போன தடவை அவள் பேசாமல் இருந்தபோது கடையிலேயே படுத்தேன், விற்காத மெத்தை ஏன் விற்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரு, கூப்பிடுகிறாள்.

போய்விட்டு வந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு நாப்பத்தெட்டு முடிஞ்சிருச்சுல்ல?" என்று கேட்டாள். முடிந்தது என்றேன். பிறகு டேப்பை எடுத்துவந்து என் கழுத்தைச் சுற்றி அளந்தாள். சட்டை எடுக்கப்போகிறாயா என்று கேட்டேன். அளவைப் போனில் குறித்துக்கொண்டு, "போய்ப் படுங்க" என்றாள். கழுத்தளவு எதற்கு மைத்துனா? எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது. திட்டுவாளே என்பதற்காக மட்டும் இல்லை. நாளெல்லாம் வார்டில் நின்று களைத்து வருகிறவள், தான் தூங்குவதை ஊரே கேட்டுச் சிரிக்கிறது என்று தெரிந்தால் மனசு உடைந்துபோவாள். அதை என்னால் பார்க்க முடியாது.

உன் வீட்டாருக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசி. உனக்கு மட்டும் ஆசியை நிறுத்தி வைத்திருக்கிறேன், பக்கம் மறைந்ததும் வந்து சேரும்.

வண்டி வரும்வரை தலையைச் சாய்க்கிறேன். எங்கே தூக்கம் வரப்போகிறது.

இப்படிக்கு,
கழுத்து அளக்கப்பட்ட உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா. உன் அத்தான் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டார். டிரைவர் ஜன்னலருகே நின்று, உள்ளே மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்கிறார்.

பக்கத்துக்கு ஒரு குறட்டை வேண்டும் என்று நீ கேட்டபோது அனுப்பினேன் அல்லவா? யாருடையது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இவருடையதுதான். தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டு எழுந்து, "திரும்பிப் படு" என்று என்னைத் தட்டுவார். அதுவரை தூங்காமல் கிடப்பவள் நான். அந்தக் குறட்டையை எங்கள் டாக்டரிடம் போட்டுக் காட்டினேன். நடுநடுவே மூச்சு நிற்கிறது, தள்ளிப்போடாமல் கூட்டி வாருங்கள் என்றார். தூக்கப் பரிசோதனைக்குப் பதிவு செய்ய வயதும், கழுத்து பருத்திருந்தால் மூச்சு அடைக்கும் என்பதால் கழுத்தளவும் கேட்டார்கள். செய்தி இவர் எண்ணுக்கு வரும் என்பதால்தான் இவர் போன். பயப்படாதே, சரிசெய்துவிடலாம்.

பக்கத்தை எடுக்காதே. தலைப்பில் "மனைவி" என்பதை மட்டும் "கணவர்" என்று மாற்று. எங்கள் வார்டில் எல்லாரும் அதைத்தான் தேடுகிறார்கள். படம் அப்படியே இருக்கட்டும்.