முழங்கைக் குன்று

ஆல்டர்விக் சிற்றுருவப் போர்க் கழகத்தில் 'பொம்மை' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. சொன்னவர் அன்றைக்கு அத்தனை பேருக்கும் தேநீர் போட்டுத் தர வேண்டும். விரல் உயரத்தில் ஈயத்தால் வார்த்து, பூதக்கண்ணாடி வைத்து வர்ணம் பூசிய அந்தக் குதிரைவீரர்களுக்கும் குட்டிச்சாத்தான்களுக்கும் சிற்றுருவம் என்றே பெயர். சனிக்கிழமைதோறும் எட்டுப் பேர் ஊர்ப் பொதுக்கூடத்தில் கூடி ஆறடி மேசைமேல் படை நடத்தினார்கள். விளையாடினார்கள் என்றும் சொல்லக் கூடாது. அதற்கும் அதே தண்டனைதான்.

இந்தக் கழகத்தில் பதினோரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தவன் நெவில் கிராப்ட்ரீ. குளியலறைக்கு ஓடு விற்கும் கடையில் வேலை. சாதுவான மனிதன், பாவம். சுவரில் தொங்கிய வெற்றியாளர் பலகையில் தங்க எழுத்தில் இருந்த பதினோரு வரியும் ஒரே பெயர்தான்: கிளைவ் ஹார்ட்டோப். கழகத் தலைவரும் அவர்தான், விதிப்புத்தகத்தை எழுதியவரும் அவர்தான். அந்தப் பலகையில் ஒரே ஒரு வரியாவது தன் பெயர் வரவேண்டும் என்பது நெவிலின் ஆசை. வீட்டில் மனைவி டெல்மாவிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. சிரித்துவிடுவாளோ என்று பயம்.

இந்த வருடம் எப்படியோ தட்டுத்தடுமாறி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டான். எதிரே கிளைவின் குதிரைப்படை, இவன் பக்கம் குட்டிச்சாத்தான்கள். மேசையின் இடப்பக்கம் காடு, வலப்பக்கம் சதுப்புநிலம், நடுவில் நாலு அங்குலத்தில் ஒரு கணவாய். கிளைவ் வருடாவருடம் அந்தக் கணவாய் வழியாகத்தான் பாய்ந்து வருவார், எதிரே நிற்பவன் துவம்சமாவான். நெவில் மூன்று மாதம் யோசித்து ஒரு திட்டம் வைத்திருந்தான். குதிரைகள் சதுப்பில் இறங்கினால் வேகம் பாதியாகிவிடும். அதற்கு அவற்றை எப்படியாவது கணவாய்க்குள் போகாமல் தடுக்க வேண்டும். எப்படித் தடுப்பது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

அந்த வேலையை கிளைவே செய்து கொடுத்தார். காலை பதினோரு மணிக்குக் கையில் தேநீர்க் கோப்பையுடன் வந்து, தன் அணிவகுப்பைக் குனிந்து ரசித்தார், கோப்பையைக் கணவாயில் வைத்தார், இடது முழங்கையை மேசைமேல் ஊன்றி முன்கையைச் சாய்த்து வைத்தார், வலது கையால் முதல் பகடையை உருட்டினார்.

"நிறுத்துங்க தலைவரே!" என்றாள் பெரில் டன்மோர். நிலப்பரப்பு உபகுழுவின் செயலாளர் அவள்தான். "கோப்பை!"

"அட, மறந்துட்டேன்" என்று கிளைவ் அதை எடுக்கப் போனார்.

"கை வைக்காதீங்க. விதி பதினாலு." பெரில் எழுந்து நின்று வாசித்தாள். "முதல் பகடை உருளும் கணத்தில் மேசைமேல் இருக்கும் சகலமும் நிலப்பரப்பாகவே கருதப்படும். ஆட்டம் முடியும்வரை நிலப்பரப்பை எவரும் எக்காரணம் கொண்டும் அசைக்கலாகாது."

"அது நான் எழுதினதும்மா!"

"தெரியும் தலைவரே. ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

மூன்று வருடத்துக்கு முன் யாரோ சட்டைக் கையால் ஒரு காட்டை நகர்த்திவிட, இரண்டு சிநேகிதர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. அதனால் பிறந்த விதி அது. அதை மீறுவது கிளைவுக்கே மனம் ஒப்பவில்லை. உபகுழு உடனே கூடியது. மேற்படி கோப்பை கோபுரமா, ஏரியா என்று நாற்பத்தைந்து நிமிடம் விவாதித்தது. வெளிச்சுவர் செங்குத்தாக இருப்பதால் கோபுரம் என்றார் ஒருவர். உள்ளே ஆவி பறக்கிறதே என்றார் இன்னொருவர். முடிவில் 'வெந்நீர்ச் சுனையுடன் கூடிய ஏறவியலாக் கோபுரம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கணவாய் அடைபட்டுப் போனது. கிளைவின் குதிரைகள் வேறு வழியில்லாமல் சதுப்பில் இறங்கின.

அப்போதுதான் நெவில் இன்னொன்றையும் பார்த்தான். பார்த்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

"தலைவரே... வந்து... உங்க முழங்கை."

"என்னய்யா என் முழங்கைக்கு?"

"முதல் பகடை உருண்டப்ப அது மேசைமேல இருந்தது."

கிளைவ் தன் முழங்கையைப் பார்த்தார். அது அதே இடத்தில்தான் ஊன்றியிருந்தது. பெரில் இஞ்சு டேப்புடன் வந்து உயரம் அளந்தாள், சரிவு அளந்தாள், கம்பளிச் சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"புதர் அடர்ந்த குன்று" என்றாள். "ஏறலாம். ஆனா வேகம் பாதி."

"பெரில், இது என் கைம்மா!"

"ஆட்டம் முடியற வரைக்கும் இது குன்று, தலைவரே. தயவுசெஞ்சு ஆட்டாதீங்க."

வேறு யாராக இருந்தாலும் கையை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். கிளைவ் சட்டம் தெரிந்தவர். அசையாமல் நின்றார். ஒரு மணிக்கு அவருக்கு மூக்கு அரித்தது. மூக்கு மேசைமேல் இல்லாததால் அதைச் சொறிய அனுமதி உண்டு என்று தீர்ப்பாகி, அவர் அசைந்தால் குன்றும் அசையும் என்பதால் பெரிலே சொறிந்துவிட்டாள். இரண்டு மணிக்கு நெவிலின் வில்லாளிகள் பன்னிரண்டு பேர் கிளைவின் மணிக்கட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

"உங்க ஆளுங்களைக் கொஞ்சம் மெதுவா வைய்யா, கூசுது!"

"மன்னிச்சுக்கோங்க தலைவரே. புதர் அடர்த்தியா இருக்கு."

குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் கிளைவின் தளபதி தெளிவாகத் தெரிந்தான். தன் முழங்கைக்குப் பின்னால் பத்திரமாக இருப்பான் என்று கிளைவே அங்கே நிறுத்தியிருந்தார். நெவில் அம்பு எய்யலாம் என்று பகடையை எடுத்தபோதுதான், தேநீர் ஆறிப்போயிருப்பதை ஒருவர் கண்டுபிடித்தார். உபகுழு மறுபடி கூடியது. சுனை குளிர்ந்ததைப் பருவநிலை மாற்றமாகக் கருதுவதா, இயற்கைச் சீற்றமாகக் கருதுவதா என்று ஒன்றரை மணி நேரம் போயிற்று. நெவிலுக்குச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிற்று. ஐந்து மணிக்குக் கூடத்தை மௌன மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு விட வேண்டும். மூச்சு விடுவதற்கும் இப்போது வகுப்பு வந்துவிட்டது, பாய் தனியாக வாங்க வேண்டும்.

ஐந்தடிக்க அரை நிமிடம் இருக்கையில் தீர்ப்பு வந்தது: தேநீரின் சூடு கழகத்தின் கவனத்துக்கு அப்பாற்பட்டது. நெவில் பகடையை எறிந்தான். நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் தளபதி காலி, வெற்றி நெவிலுக்கு.

பகடை உருண்டது. கடிகாரம் அடிக்க ஆரம்பித்தது. பகடை காட்டைத் தொட்டுத் திரும்பி, கோபுரத்தில் மோதி நின்றது. ஐந்து.

"ஜெயிச்சுட்டேன்" என்றான் நெவில். குரல் வெளியே வரவில்லை. மறுபடி சொன்னான்: "நான் ஜெயிச்சுட்டேன்!"

அதே நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக் காவலாளி ஆல்சப் உள்ளே வந்தார். அவர் கையில் ஒரு தடித்த பதிவேடு.

"ஊராட்சி வாடகை ஒப்பந்தம், ஒன்பதாவது ஷரத்து" என்று அவர் வாசித்தார். "ஐந்து மணி அடிக்கும் கணத்தில் கூடத்துக்குள் இருக்கும் சகலமும் தவறவிடப்பட்ட பொருட்களாகக் கருதப்படும். உரியவர் வந்து அடையாளம் சொல்லி, வரிசை எண்படி மீட்டுக்கொள்ள வேண்டும்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் சிரித்திருப்பான். கழகத்தார் எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். "என்ன வாசகம்!" என்று கிளைவ் வியந்தார். "கணம், சகலமும், கருதப்படும். ஒரு ஓட்டை கிடையாது." பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "பெரில், பகடை நின்னது மணியடிச்சதுக்கு அப்புறம்தானே? அப்ப நாம பொருளாயிட்டோம். பொருள் பொருளை ஜெயிக்க முடியாது. ஆட்டம் செல்லாது."

பெரில் யோசித்தாள். "விதிப்படி சரிதான்" என்றாள் வருத்தத்துடன்.

பதினோரு வருடம். கொடுமை என்னவென்றால், அந்த வாதம் சரியென்று நெவிலுக்கே பட்டது. கதவுக்குப் பக்கத்தில் நின்றதால் முதலில் அவனைத்தான் ஆல்சப் பதிந்தார்: "எண் ஒன்று. நெவில் கிராப்ட்ரீ. பழுப்பு ஸ்வெட்டர். லேசாகத் தேய்ந்தது." எண் இரண்டு, கிளைவ் ஹார்ட்டோப். முழங்கை மரத்துப்போனது. அப்படியே எட்டு வரை.

நெவிலை அழைத்துப் போக வந்த டெல்மாவும், கிளைவின் மனைவி பிரிஜெட்டும் வாசலில் நின்றார்கள்.

"எண் ஒன்றை யாரம்மா மீட்கறீங்க? அடையாளம் சொல்லுங்க" என்றார் ஆல்சப்.

"என்னத்த அடையாளம்? தோத்துட்டு நிப்பார்" என்றாள் டெல்மா.

ஆல்சப் அதை எழுதிக்கொண்டார். "எண் ரெண்டு?"

"ஜெயிச்சுட்டு நிப்பார்" என்றாள் பிரிஜெட். "வீட்டுக்கு வந்து அதையேதான் பேசுவார்."

ஆல்சப் பேனாவைக் காதில் செருகினார். "ஆட்டம் செல்லாதுங்கறாங்க. அப்ப இவர் தோக்கல, அவர் ஜெயிக்கல. ரெண்டு அடையாளமும் பொருந்தலையே."

"செல்லும், செல்லும்! ஆட்டம் செல்லும்!" என்று கத்தினார் கிளைவ்.

"அப்படின்னா இவர் ஜெயிச்சுட்டார். அப்பவும் பொருந்தல." ஆல்சப் பதிவேட்டை நெவில் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார். "ஒரே வழிதான் சார். 'தோற்றேன்'னு நீங்க கையெழுத்துப் போட்டா ரெண்டும் பொருந்திடும். எண் ஒன்று போனாத்தான் மத்த ஏழும் போக முடியும்."

ஏழு பேரும் நெவிலைப் பார்த்தார்கள். நாலு அங்குலக் கணவாய், அதில் இப்போது நின்றவன் அவன்தான்.

"போடுய்யா, கண்ணில்ல!" என்றார் கிளைவ். "ஒரு கையெழுத்துதானே?"

டெல்மா மட்டும் வேறு ஒன்று கேட்டாள். "நிஜமாவே ஜெயிச்சீங்களா?"

"ஜெயிச்சேன் டெல்மா."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அப்ப போடாதீங்க. அடுப்புல வெச்சது ஆறினா சுட வெச்சுக்கலாம்."

நெவில் பேனாவை மூடினான். இடது முழங்கையை மேசைமேல் ஊன்றினான். மூச்சுப் பயிற்சிக்காரர்கள் சுருட்டிய பாய்களோடு வாசலில் வந்து நின்று பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். ஆறு மணியாயிற்று. கிளைவின் பொறுமை போயிற்று.

"ஏன்யா, ஒரு பொம்மை விளையாட்டுக்குப் போய் இந்த அழிச்சாட்டியமா!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லோரும் பெரிலைப் பார்த்தார்கள். பெரில் விதிப்புத்தகத்தைப் பிரித்தாள்.

"ரெண்டு வார்த்தை, ரெண்டு குற்றம்" என்றாள். "தலைவரே, எட்டுப் பேருக்கும் தேநீர். ரெண்டு சுற்று."

கிளைவ் தன் கோப்பையை எடுக்கக் கை நீட்டினார்.

"அது நிலப்பரப்பு" என்றான் நெவில். "எனக்கு வேற கோப்பையில குடுங்க. சர்க்கரை ரெண்டு கரண்டி."