இடது பெட்டியும் உன் அக்காவும்

உ

தெற்கு ரத வீதி,
திருநெல்வேலி டவுண்.
15-11-1998, ஞாயிறு.

சார்ஜாவில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை சிவகணேஷுக்கு, அத்தான் பூதலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. காந்திமதியம்மன் கிருபையால் இங்கு யாவரும் சுகம், இடது ஸ்பீக்கர் நீங்கலாக. அங்கு நீயும் விஜயஸ்ரீயும் குழந்தை கணேஷ்ராமும் சுகம் என்றே எண்ணுகிறேன். முந்தின வெள்ளிக்கிழமை பேசினாய். இந்த வெள்ளி நீ கூப்பிடவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இரண்டு. ஒன்று, நீ அனுப்பிய ஸ்பீக்கரில் இடது பெட்டி பேசவில்லை. இரண்டு, உன் அக்கா ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. முதல் விஷயத்துக்கு வாகையடி முக்கில் காஜா முகைதீன் என்று நல்ல ரேடியோ மெக்கானிக் இருக்கிறார். இரண்டாவதற்கு உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. நீ அவளுக்குத் தனியாக நாலு வரி எழுதிப்போட வேண்டும். என்ன எழுத வேண்டும் என்று தெரிவதற்காக நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

யாரோ வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றது என்று சொல்லி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் காயல்பட்டினம் தாவூது கையில் கொடுத்துவிட்டாயே, இடுப்பு உயர மரப்பெட்டி இரண்டு, அவை மச்சில்தான் கிடந்தன. நான் வேலையில் இருந்தேன், நேரமில்லை. இந்தச் செப்டம்பரில் ரிட்டயர் ஆன மறுநாளே இறக்கிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் கால்வாய் ஓவர்சியராக இருந்தவனுக்கு வீட்டில் என்ன வேலை சொல்லு? கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கரையோடு நடந்து நடந்து பார்த்த கால் இது. ஒரு பெட்டிக்குள் சத்தம் எப்படி உண்டாகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நீ ஆம்ப்ளிஃபயரையும் மூன்று சின்ன ஸ்பீக்கரையும் அனுப்பி, ஐந்து பெட்டி வைத்தால் தியேட்டர் மாதிரி முன்னாலும் பின்னாலும் சத்தம் வரும், அதற்குப் பெயர் ஹோம் தியேட்டர் என்று வேறு சொல்லி வைத்துவிட்டாய். சும்மா கிடந்தவனை நீதானே கிளப்பிவிட்டாய்!

முதல் பெட்டியைக் கீழே இறக்கியதும் பார்த்தால், அடிச்சத்தம் வெளியே வருவதற்கு முன்பக்கம் ஒரு வட்ட ஓட்டை இருக்குமே, அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தட்டிவிடப் போனேன். உன் அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டாள். "குளவி கூடு கட்டினா வீட்ல ஒருத்திக்கு நல்ல சேதி வரும்லா, நம்ம பிருந்தாவுக்கு இருக்கும், கைய வைக்காதீங்க" என்றாள். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகாத மகளுக்காக மூன்று வாரம் பொறுத்தேன். தினமும் காலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளவியைப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமான வேலை தெரியுமா, எங்கள் டிபார்ட்மெண்டில் அப்படி ஒரு கொத்தனார் கிடையாது. கடைசியில் குளவி பறந்துபோன வாரம் நல்ல சேதி வந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் சங்கரசுப்பிரமணியன் மருமகளுக்கு. குளவிக்குக் கதவு நம்பர் தெரியவில்லை.

பிறகு காஜாவைக் கூட்டிவந்தேன். அவர் பெட்டியின் முன்பக்கத் துணியைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஸ்பீக்கர் கூம்பைச் சுத்தி விளிம்புல ஒரு ஃபோம் இருந்திருக்கும், பொடிப்பொடியா உதிர்ந்து போச்சு. மெட்ராஸ்ல சொல்லி வரவழைக்க ரெண்டு மாசம் ஆகும்" என்றார். ரெண்டு மாசமா! என் குடைத்துணியை வட்டமாக வெட்டி ரப்பர் பசை தடவி ஒட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு பைய ஒட்டிப் பார்த்தார். பேசிவிட்டதே மாப்பிள்ளை! இரண்டு பெட்டியும் பேசியது. ஐப்பசி மழையில் நான் நனைந்துகொண்டு கடைக்குப் போனது வேறு கதை. மெல்லிய சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கருக்கும் கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடுகிற சின்னப் பலகை ஒன்று உள்ளே இருக்கிறது, அதில் கண்டென்சர் செத்துவிட்டது என்று அதையும் மாற்றினார். எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. மடைதானே அது, மேட்டு வயலுக்கு ஒன்று, பள்ள வயலுக்கு ஒன்று. இதைச் சொன்னதும் காஜா என்னை ஒரு மாதிரி பார்த்தார், மரியாதையாகத்தான்.

இனிமேல்தான் என் கிரகம். நவம்பர் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை. உன் அக்கா பாளையங்கோட்டையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். பெட்டிகளின் பின்பலகை கரையான் தின்றிருந்ததால் புதுப்பலகை போட பிச்சைக்கண்ணு ஆசாரி வந்தார். பெட்டி காலியாக இருந்தால் சத்தம் உள்ளேயே மோதிக்கொண்டு கிடக்குமாம், பஞ்சு திணிக்க வேண்டும் என்று காஜா சொல்லியிருந்தார். கடைப் பஞ்சு எதற்கு, வீட்டில் உன் அக்கா தலையணை இரண்டு, அசல் இலவம் பஞ்சு. பிரித்தேன். ஆசாரி கரண்டில் ஓடுகிற இழைப்பு மெஷினைப் போட்டதும் வீடே அலறியது, தெருவில் நாய் குரைத்தது, நானும் அதே பஞ்சைக் கிள்ளி எடுத்துக் காதுகளில் வைத்துக்கொண்டு கையில் கத்தரிக்கோலோடு அடுத்த வேலைக்குப் போனேன். அடுத்த வேலைதான் முன்பக்கத் துணி. கிழிந்த துணிக்குப் பதிலாகக் காற்றும் சத்தமும் போகிற மாதிரி, பார்வைக்கும் லட்சணமாக ஒன்று வேண்டும். அலமாரி மேல் எங்கள் கல்யாணத்துப் பத்தமடைப் பாய் இருந்தது. ஒரு பக்கம் என் பெயர், ஒரு பக்கம் அவள் பெயர் போட்டு நெய்தது, உங்கள் அப்பா சொல்லிவைத்து வாங்கிய பாய். ஓரத்தை எலி தின்றிருந்தது, முப்பத்தோரு வருஷமாக யாரும் அதை விரிக்கவில்லை. சரி நடுவில் வெட்டினேன். வலது பெட்டிக்குப் பூதலிங்கம், இடது பெட்டிக்குச் சண்முகசுந்தரி. அப்போதுதான் நீ போன் பண்ணினாய். ஓடிவந்து எடுத்து, "மாப்ளே, வேலை முடிஞ்சிட்டு, வந்து பாரு" என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அந்த வாயைத்தான் இப்போது அடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி, ஐந்து பெட்டியையும் இணைத்து, (நடு ஸ்பீக்கர் டி.வி. ஸ்டாண்டில், பின்னால் வைக்கிற இரண்டு சின்ன ஸ்பீக்கரையும் காருகுறிச்சி மண்பானைக்குள் வைத்திருக்கிறேன், சத்தம் உருண்டு வருகிறது), நடு ஹாலில் எனக்கு ஒரு நாற்காலி, என் இடது கைப்பக்கம் உன் அக்காவுக்கு ஒரு நாற்காலி. மணவறையிலிருந்து அவள் இடம் அதுதானே. சிடி போட்டேன். ஒரு ரயில் இடமிருந்து வலமாக ஹாலைத் தாண்டிப் போகும் என்று நீ சொன்ன இடம் வந்தது. ரயில் வந்தது. ஆனால் எங்கிருந்து வந்தது என்கிறாய்? நடு ஹாலிலிருந்து! செங்கோட்டை பாசஞ்சர்கூட ஜங்ஷனிலிருந்துதான் கிளம்பும், இது டி.வி. ஸ்டாண்டிலிருந்து கிளம்பி வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் ஒரு ஈ, காக்கா சத்தம்கூட இல்லை. ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உன் அக்கா உள்ளே வந்தாள், பெட்டியில் தன் பெயரைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். முகம் சுண்டிப்போனது. அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பாயைப் பற்றிச் சமாதானம் சொன்னேன், அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஒருமுறை என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது, நான் இடது பெட்டியை உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தேன், எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். சொதிக்கு இஞ்சிப்பச்சடி வைக்கவில்லை. நம் வீட்டில் சொதிக்குப் பச்சடி இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டியை நான் விடவில்லை. காஜாவைத் திரும்ப வரச்சொன்னேன். அவர் மீட்டரை வைத்துப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுபோல பேசுது அண்ணாச்சி" என்றார். மீட்டருக்குக் காது உண்டா என்று கேட்டேன். சங்கரசுப்பிரமணியனைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவரும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் வருதே வே, உமக்கு என்ன குறை?" என்கிறார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற காது, அதை விடு. கடைசியில் இரண்டு பெட்டியையும் இடம் மாற்றி வைத்தேன். ஆச்சரியத்தைக் கேள், உன் அக்கா பெயர் போட்ட பெட்டி வலது பக்கம் வந்ததும் வாய் திறந்து கத்துகிறது, என் பெயர் இடது பக்கம் போனதும் ஊமையாகிவிட்டது! இடது பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாலும் அந்தப் பக்கம் ஒரு கும்மென்ற ஓசை மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. இதற்கு மேல் ஆராய என்ன இருக்கிறது? பெட்டியில் குற்றமில்லை. உன் ஆம்ப்ளிஃபயரில்தான் இடது பக்கம் செத்திருக்கிறது. தப்பாக நினைக்காதே, ஆனால் அக்கா வீட்டுக்கு அனுப்புகிற சாமானை ஒரு தடவை போட்டுப் பார்த்து அனுப்பியிருக்கலாம். தாவூது இருபதாம் தேதி திரும்புகிறார், ஆம்ப்ளிஃபயரையும் இந்தக் கடிதத்தையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், வேறு நல்லதாகப் பார்த்து அனுப்பு.

ஆனால் அதுகூட அவசரமில்லை மாப்பிள்ளை. முதலில் உன் அக்காவுக்கு எழுது. பாயை வெட்டியது தப்பு, தலையணையைப் பிரித்ததும் தப்பு, அத்தான் ஒத்துக்கொள்கிறார் என்று எழுது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஐந்து பெட்டி வைத்து என்ன, பேச ஆளில்லாத வீட்டில் ரயில் எந்தப் பக்கம் போனால் எனக்கென்ன? சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன், அவள் குரல் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஜயஸ்ரீக்கு என் ஆசிகள். கணேஷ்ராம் தீர்க்காயுசாக, நல்ல படிப்பும் நல்ல காதும் பெற்று வாழ வேண்டும். நெல்லையப்பர் துணை.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்,
கா. பூதலிங்கம்

பின்குறிப்பு (திங்கள், காலை பத்து மணி): மேலே எழுதியதில் ஊர், தேதி, ஆசீர்வாதம் தவிர மற்றதை நம்பாதே.

ஆம்ப்ளிஃபயரை அட்டைப்பெட்டியில் கட்டுவதற்கு முன்னால், பின்பக்கத்துப் பானைகளையும் ஒருமுறை நேரே பார்த்துக் கேட்டுவிடுவோமே என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ஊமையாக இருந்த பெட்டி என் முதுகுக்குப் பின்னால் கணீர் என்று பேசுகிறது, பேசிக்கொண்டிருந்த பெட்டி ஊமையாகிவிட்டது! பெட்டி நகரவில்லை. ஒயர் நகரவில்லை. திரும்பியது நான்தான். கடைமடையில் தண்ணீர் இல்லை என்றால் அடைப்பு எங்கே என்று பார்க்கத் தெரிந்தவன் அல்லவா, மெதுவாக இடது காதுக்குள் விரலை விட்டேன். பஞ்சு. அசல் இலவம் பஞ்சு. பத்து நாள் தலை எண்ணெயில் ஊறிக் கொட்டைப்பாக்கு மாதிரி வந்தது. உன் போன் வந்தபோது ரிசீவரை வைக்க வலது காதுப் பஞ்சை மட்டும் எடுத்திருக்கிறேன், மாப்பிள்ளை!

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போது இடது பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "இப்பமாது எடுக்கணும்னு தோணிச்சே."

உன் அக்கா அடுக்களை வாசலில் நின்றாள். பாய்க்காக முதல் நாள் மட்டும்தான் அவளுக்குக் கோபமாம். "எலி தின்ன பாய்தானே. மறுநாளே உங்க பக்கத்துல உக்காந்து, காதுல என்னமோ வெள்ளையா இருக்கு, எடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. கிட்ட வந்து பாத்தா என் தலையணைப் பஞ்சு. என் தலையணையப் பிச்சு, நான் உக்காருத பக்கத்துக் காதுல, நான் பேசுதது கேக்கப்பிடாதுன்னு வச்சிருக்கீங்கன்னுல்லா நெனைச்சேன். அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். இழைப்பு மெஷின் விஷயத்தையும் உன் போன் விஷயத்தையும் சொன்னேன். என் கையிலிருந்த பஞ்சை வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பார், சங்கரசுப்பிரமணியன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். வாங்கிப் படித்துவிட்டு, "கிழிக்காண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்க, அவனும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே ஆம்ப்ளிஃபயர் வராது, கடிதம் மட்டும் வரும். நீ அனுப்பிய சாமான் முதல் தரம். என்னை மன்னித்துக்கொள். அவளுக்குத் தனியாக எழுத வேண்டாம். இன்றைக்குச் சொதி, இஞ்சி சீவும் வாசனை இங்கன வரை வருகிறது.

ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள், "என் பேர என் பக்கத்துல கொண்டு வைங்க." இரண்டு பெட்டியையும் பழையபடி மாற்றி வைத்துவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். ரயில் இப்போது சண்முகசுந்தரியில் புறப்பட்டு, நடு ஹாலைத் தாண்டி, பூதலிங்கத்துக்கு வந்து சேர்கிறது.